கடைச் சரக்கு

ஊசிகளின் மேல் ஓடும் கைப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார் ஃபிட்டர். கறக்கென்று ஒரு சத்தம். அதோடு நின்றுவிட்டது.

குனிந்து பார்த்தார். மனைவியின் பின்னல் மெஷினில் பாதி ஊசிகள் வளைந்து கிடந்தன.

அவள் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவாள்.

தேவையா இந்த வேலை? தேவைதான். எல்லாம் அவர் வாயால் வந்த வினை.

போன வாரம் சம்பந்தி வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளைக்கென்று அவள் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரை மகள் எடுத்துவந்து நீட்ட, மாப்பிள்ளையும் ஆசையாக மாட்டிக்கொண்டார். கையோரம், இடுப்போரம் எல்லாம் மேலே சுருண்டுகொண்டன. வீட்டு மெஷினில் ஒற்றை வரிசை ஊசிதான். சாதாப் பின்னல்தான் வரும், ஓரம் சுருளும்.

“ஓரம் இன்னும்...” என்று அவள் வாயெடுத்தாள். விட்டாரா மனுஷன்?

“ஸ்வெட்டரா இது, சுருட்டி வச்ச பாய்! இதப் பாருங்க மாப்பிள்ளை, கடைச் சரக்கு. கையை எப்படிப் பிடிச்சு நிக்குது!”

தன் கையை வேறு நீட்டிக் காட்டினார். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவள் வாங்கிவந்து கொடுத்த ஸ்வெட்டர். அவருக்குக் கடையில் வாங்கினால்தான் உடம்பில் ஏறும்.

எல்லோரும் சிரித்தார்கள். டீத் தட்டோடு நின்ற அவளும் சிரித்தாள்.

மறுநாள் மெஷின் மேல் போர்வை விழுந்தது. சண்டை இல்லை, முணுமுணுப்பு இல்லை, சோறு நேரத்துக்கு வந்தது. ஆனால் மெஷின் பக்கம் அவள் திரும்பவேயில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலாம் போலிருந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்ல நாக்கு புரளவில்லை. ஃபிட்டருக்குத் தெரிந்த மன்னிப்பெல்லாம் ஸ்பானரும் திருகாணியும்தான்.

ரிப் வந்தால் போதும் என்று கணக்குப் போட்டார். இழுத்தால் நீண்டு, விட்டால் கையைக் கவ்விப் பிடிக்கிற அந்த வரிவரியான பின்னலுக்கு எதிர்வரிசை ஊசி வேண்டும். பழைய இரும்புக் கடையில் கிளறி, ஊசி வரிசை பதித்த ஒரு படுக்கையைப் பிடித்தார். தகடு வளைத்து, மேசையில் துளை போட்டு, அவள் மெஷினுக்கு எதிரே சாய்த்து முடுக்கினார். ஊசிக்கு ஊசி நேராக நிற்கிறதா என்று ஸ்கேல் வைத்து வேறு பார்த்தார். அவர் தொழிலில் நேராக நிற்காதது எதுவும் ஓடாது.

பின்னத் தொடங்கும்போது முதலில் கொஞ்சம் வீண் நூல் ஓட்டி, பிறகு உருவி எறிய வேண்டும். அவள் அதற்கென்றே வைத்திருந்த ஊதா நூலையே எடுத்து மாட்டினார். எவ்வளவு உருவினாலும் சனியன் தையலுக்குள் ஒரு துண்டு ஒளிந்துகொள்கிறது என்று அவள் புலம்புவது அரைகுறையாகக் காதில் விழுந்திருக்கிறது.

இப்போது அந்த ஊதா நூல் வளைந்த ஊசிகளுக்கு நடுவே சிக்கிக் கிடந்தது.

எங்கே தப்பு? போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றினார். கடைக்காரன் எப்படிப் பண்ணியிருக்கிறான் என்று பார்ப்போம் என்று கையோரத்தை உள்வெளியாகத் திருப்பினார்.

அட மடையா! இந்தப் பக்கத்து வரி, அந்தப் பக்கத்து வரிகளின் இடுக்கில் அல்லவா உட்கார்ந்திருக்கிறது? ஊசிகள் நேருக்கு நேர் நின்றால் மோதாமல் என்ன செய்யும்? எதிர்வரிசையை அரை இடம் தள்ளி வைத்திருக்க வேண்டும்.

பிடிபட்ட சந்தோஷத்தில் விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே போனார்.

ஒரு வரியில் ஒரு கண்ணி தப்பி, தனி நூலால் முடிந்திருந்தது.

எந்தத் தொழிற்சாலை மெஷின் உட்கார்ந்து முடிச்சுப் போடும்?

ஸ்வெட்டர் கையை மூட்டியிருந்த தையலைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே, அரை விரல் நீளத்துக்கு, ஊதா நூல்.

அவசரமாகக் கழுத்தைத் திருப்பினார். லேபிளின் நாலு மூலையிலும் கைத்தையல். கிழிந்துபோய்த் தரை துடைக்கப் போன அவருடைய பழைய ஸ்வெட்டரின் லேபிள்.

இந்த ஸ்வெட்டர் வந்த வருஷம் மத்தியானம் மத்தியானம் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒன்றுவிட்டு ஒரு கண்ணியாக அவிழ்த்து, கொக்கி ஊசியால் மறுபக்கம் கோத்துக் கோத்து ஏற்றிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. எதிர்வரிசை ஊசி இல்லாமலே ரிப்பைக் கையால் போட்டிருக்கிறாள். என்னத்த நோண்டிக்கிட்டே இருக்க, கண்ணு போயிடும் என்று அதட்டியிருக்கிறார்.

மாப்பிள்ளைக்கு முன்னால் நீட்டின கையை இப்போது எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை பேர் நடுவிலும் அவர் மானம் கப்பலேறியிருக்கும். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். வெட்கம் காது வரைக்கும் சுட்டது.

வாசல் கேட் கிறீச்சிட்டது.

அவள் உள்ளே வந்தாள். வளைந்த ஊசிகளைப் பார்த்தாள். அவர் கையில் உள்வெளியாகக் கிடந்த ஸ்வெட்டரைப் பார்த்தாள்.

“மாப்பிள்ளையும் பின்னாடியே வர்றார்,” என்றாள் மெதுவாக. “அந்தக் கையைத் திருப்பிப் போட்டுக்கங்க.”