நல்ல சிவப்பு

"எதுங்க்கா நல்லாச் செவப்பா இருக்கும்?"

குண்டனி நாட்டு மகளிர் குழுவின் கடையில், ஆமணக்கெண்ணெயும் தேன்மெழுகும் சேர்த்துக் காய்ச்சிய லிப் பாம்களை ஒவ்வொன்றாக உதட்டில் தடவி, கண்ணாடியில் பார்த்துத் துடைத்துக்கொண்டிருந்தாள் சுமித்ரா.

கடையைக் கவனிக்கும் பாப்பாயிக்குப் பொறுக்கவில்லை. சுமித்ராவின் கணவன் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

"பனிக்கு ஒதடு வெடிக்குதுன்னா நெறமில்லாததே போதுமே, கண்ணு?"

"இல்லீங்க்கா. எட்ட இருந்து பாத்தாலும் ஒதடு தெரியோணும்."

"உங்க மாமியா பாத்தா என்ன சொல்லுவாங்க?"

சுமித்ரா, வேம்பாளம்பட்டை போட்டுக் காய்ச்சியதை, இருப்பதிலேயே சிவந்ததை, வாங்கிப் பூசிக்கொண்டு கிளம்பினாள். மாமியாரிடம் சொல்லியே தீருவதென்று பாப்பாயியும் பின்னாலேயே போனாள்.

வாசலில் மாமியார் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, உங்க மருமக பண்றதப் பாத்தீங்களா?"

அவர் திரும்பவே இல்லை.

"அத்தைக்குக் கேக்காதுங்க்கா" என்றாள் சுமித்ரா. "மகன் போனதுல இருந்து காது சுத்தமா அடைச்சுப்போச்சு. வெளிய சொல்லவேண்டாம்னாங்க. என் வாயப் பாத்துத்தான் பேச்சப் புரிஞ்சுக்கறாங்க. ஒதடு வெளுத்துக் கெடக்குது, ஒண்ணும் தெரியலை, செவப்பா எதாச்சும் பூசிட்டு வான்னு அவங்கதான் அனுப்புனாங்க."

மாமியார் மருமகளின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இப்பச் சொல்லு, சாமி. எம்பையன் பேரு. நான் பாக்கோணும்."

கணவன் பெயரை ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லியிராத சுமித்ரா, மெல்ல உதடு பிரித்தாள்.

"அப்பாசாமி."

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொருக்கா."