தேடி வந்த வேலை

மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்குவதற்குள்ளேயே புவனேஸ்வரன் வாசலிலிருந்து கத்தினான்.

"திலகா! ஒருத்தர் என்னைத் தேடி வந்தாரு!"

கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்த திலகா நிமிர்ந்து பார்த்தாள். கணவனின் குரல் இப்படிக் கணீரென்று ஒலித்து வெகு நாளாகியிருந்தது.

ஆயர் குரோவில் அவன் குளிர்சாதன டெக்னீஷியனாக இருந்த ஃபேக்டரி வேறு நாட்டுக்குப் போய்விட்டது. முதலில் வீட்டில் பழுதானதையெல்லாம் சரிசெய்தான். பிறகு பக்கத்து வீடுகளில். கடைசியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேனைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினான்.

கோவிலுக்குப் போனால் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அங்கே யாரும் "இப்ப எங்க வேலை?" என்று கேட்க மாட்டார்கள்.

"காப்பிக் கடையில உக்காந்திருந்தேன். செர்காம்ல மீனுக்கு ஐஸ் ரூம் வெச்சிருக்காரே, அந்தச் சீனத் தவுக்கே, நேரா என் மேசைக்கு வர்றாரு. ஐஸ் ரூமைப் பாத்துக்க ஆள் வேணுமாம். நான்தான் வேணுமாம் லா!"

நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். பிறகு குரல் இறங்கியது.

"ஆனா இபிஎஃப் சேமிப்பு இல்ல. மெடிக்கல் கார்டு இல்ல. சொக்சோவும் இல்ல. வேலைக்குப் போனா சம்பளம், போகலன்னா இல்ல. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். நீ வேணாம்னா வேணாம்."

சொக்சோ என்பதை மட்டும் அவன் மெதுவாகச் சொன்னான்.

திலகாவின் அப்பா வீராசாமி, லூபோக் சீனா பக்கத்துத் தோட்டமொன்றில் காண்டிராக்டருக்குக் கீழே செம்பனைக் குலை அறுத்தவர். ஒருநாள் குலை அவர் முதுகிலேயே விழுந்தது. வேலையில் அடிபட்டவருக்குச் சொக்சோ பணம் தரும். அதற்கு முதலாளி அவர் பேரை முன்பே பதிந்திருக்க வேண்டும். காண்டிராக்டர் பதிந்திருக்கவில்லை.

அப்பா கட்டிலைவிட்டு எழுந்திருக்காமலே போய்ச் சேர்ந்தார்.

சொக்சோ இல்லாத வேலைக்குத் தன் வீட்டு ஆள் போகக்கூடாது என்பதில் திலகா ஒரே பிடியாக நின்றாள். காவல் வேலை ஒன்று வந்தது, லோரி வேலை ஒன்று வந்தது. இரண்டையும் அவள்தான் வேண்டாம் என்றாள். புவனேஸ்வரன் மறுபேச்சுப் பேசவில்லை.

இப்போதும் அவள் லேசில் விடவில்லை.

"ஐஸ் தரையில வழுக்கி விழுந்தா?"

"பூட்ஸ் போட்டுக்குவேன்."

"காய்ச்சல்னு படுத்துட்டா?"

"கவர்மெண்ட் கிளினிக் இருக்குல்ல. இபிஎஃப்கூட நம்ம பேருல நாமளே கட்டலாம்னு சொல்றாங்க. போய் விசாரிக்கறேன்."

அவள் கேட்கக் கேட்க அவனிடம் பதில் வந்துகொண்டே இருந்தது. அந்த ஐஸ் ரூமின் கதவு ஒழுங்காக மூடுவதில்லையாம். உள்ளே குளிர் ஒரு மூலைக்கு எட்டுவதே இல்லையாம். அதை இப்படி மாற்றலாம், இதை அங்கே நகர்த்தலாம் என்று மேசைமேல் விரலால் கோடு போட்டுக் காட்டினான். கறுத்த எண்ணெய்க் கறையெல்லாம் போய் அந்த விரல்கள் வெளுத்திருந்தன. திலகா கீரையை மறந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் கொஞ்சம் மடக்கிக் கேட்டாள். அதற்கும் பதில் சொன்னான்.

"யோசிச்சுத்தானே பேசறீங்க. உங்களுக்குச் சரின்னு பட்டா போங்க," என்றாள் கடைசியில்.

அவன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். சுங்கை ரம்பாயில் பாதி ஊருக்குக் கேட்கும்படி மலாய் மொழியில் பேசினான். சரி தவுக்கே, நாளைக்கே வருகிறேன் தவுக்கே.

திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

"ஒரு அதிசயம் கேளு. ஃபேக்டரியில அத்தனை வருஷம் என்னை எல்லாரும் 'பூவா, பூவா'ன்னுதான் கூப்பிட்டாங்க. இந்தத் தவுக்கே என் முழுப் பேரையும் சொல்றாரு. கொஞ்சம்கூடத் தப்பில்லாம!"

"அப்படியா?" என்று கேட்டுவிட்டு, திலகா குனிந்து கீழே சிந்திய கீரையைப் பொறுக்கினாள்.

சென்ற வாரம் மெர்லிமாவில் இருக்கும் தங்கையைப் பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறியவள், மெர்லிமாவைத் தாண்டிச் செர்காமில் போய் இறங்கியிருந்தாள். அந்த ஐஸ் ரூம் அடிக்கடி கெட்டுப்போகிறது என்று மீன் விற்கிற பெண் சொல்லிக் கேட்டிருந்தாள்.

தவுக்கே எதையும் ஒளிக்கவில்லை. அது இல்லை, இது இல்லை என்று எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டார்.

மீன் கழுவிய தண்ணீர் செருப்பை நனைக்க, அவள் வெகுநேரம் நின்றாள். அப்பா மனதுக்குள் வந்தார். வீட்டில் நாளுக்கு நாள் பேச்சுக் குறைந்துகொண்டே போகும் மனிதனும் வந்தான்.

சரி என்று தலையாட்டினாள்.

ஆனால் நீங்கள்தான் அவரைத் தேடிப் போக வேண்டும், நான் வந்து கேட்டது அவருக்குத் தெரியவே கூடாது என்றாள். தவுக்கே சிரித்துக்கொண்டே அவன் பெயரைக் கேட்டார்.

சொன்னாள். அவர் வாயில் அது நுழையவில்லை. சுருக்கமாக ஏதாவது சொல்லேன், அது போதும் என்றார்.

போதாது என்றாள் திலகா.

பு. வனே. ஸ்வரன். மீன் கூடைகளுக்கு நடுவே, அவர் நாக்கு பிசகாமல் சொல்லும்வரை, அங்கேயே நின்று சொல்லிக்கொடுத்தாள்.