ரோஷக்காரர்

“அந்த சாஃப்ட்வேருக்கு ரெண்டு லட்சம் சொல்றான் பாய். அவ்ளோ துட்டு எங்கைல இருந்தா நான் எதுக்கு கம்பெனி வெக்கறேன்? ஊட்ல குந்திகினு சாப்புட மாட்டேனா?”

கலியமூர்த்தி சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு பாதியில் உடைந்துபோக, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எதிரே ஹாஜா மொய்தீன் உட்கார்ந்திருந்தார். குமணன்சாவடியில் சைக்கிள் கடைக்கு மேல் மாடி. முன்னறையில் தொழில், பின்னறையில் குடித்தனம். அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து சின்னக் கம்பெனிக்காரர்கள் சர்க்யூட்டைத் தாளில் வரைந்து கொண்டுவருவார்கள். போர்டில் எந்தப் பாகம் எங்கே உட்காரும், செம்புத் தடம் எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுப்பார் ஹாஜா.

“டிசைனை நானே போட்டுத் தர்றேன் அண்ணே. சாஃப்ட்வேரை யாருக்கும் காப்பி போட்டுக் குடுக்கறதில்ல.”

“தபா தபா ஓடியார முடியாது பாய். இன்வெர்ட்டர் போர்டு. பார்ட்டி தெனம் ஒண்ண மாத்தச் சொல்றான். எம்பொண்ணு டிப்ளமா முடிச்சிட்டு சும்மாதான் கீது. மச்சான் ஊட்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் கீது. ஒரு காப்பி மட்டும் கெடைச்சா அதுவே போட்டுக்கும்.”

ஆவடி ஃபேக்டரி வேலையை விட்டபோது வந்த பணத்தை எல்லாம் கள்ளிக்குப்பத்தில் ஒரு வாடகை ஷெட்டில் கொட்டிவிட்டாராம். இந்த ஆர்டரும் கைவிட்டுப் போனால் ஷெட்டை இழுத்து மூட வேண்டியதுதானாம்.

ஹாஜாவுக்கு அந்தத் தவிப்பு புதிதல்ல. எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பல வருடம் பிலிம் ஷீட்டின்மேல் கறுப்பு டேப்பை வெட்டி ஒட்டியே டிசைன் போட்டவர் அவர். ஒரு தடம் மாறினால் எல்லாவற்றையும் பிய்த்து ஒட்ட வேண்டும். அந்தக் கம்பெனியை மூடியபோது, கொடுக்க வழியில்லாத முதலாளி சம்பளத்துக்குப் பதிலாக இந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொடுத்தார். சாஃப்ட்வேர் அதற்குள்ளேயே இருந்தது. யாரோ பூட்டை உடைத்துப் போட்ட திருட்டுப் பிரதி என்று ஹாஜாவுக்குத் தெரியும். அந்தப் பயத்தில்தான் இதுவரை ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

டீ கொண்டுவந்த ஜரினா கதவோரம் நின்றாள்.

“பாவங்க, பொண்ணப் பெத்தவரு. குடுத்தா நமக்கு என்ன கொறஞ்சிடப் போவுது?” என்றாள் கணவனிடம்.

ஹாஜா நான்கு ஃப்ளாப்பிகளை எடுத்தார். ஒவ்வொன்றாகக் காப்பியாகி முடிகிறவரை கலியமூர்த்தி டம்ளரைக் கையில் வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறி ஆடை படிந்தது.

“மேல பேரு எழுதிடுங்க பாய். பொண்ணுக்குத் தெரியணும்.”

ஹாஜா பேனாவைத் தேடி எடுத்து, ஒவ்வொரு ஃப்ளாப்பியின் லேபிளிலும் சாஃப்ட்வேரின் பெயரைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

“எவ்ளோ பாய்?”

“ஒண்ணும் வேணாம். பொண்ணு நல்லா வரட்டும்.”

கலியமூர்த்தியின் முகம் விழுந்தது. சட்டைப் பையிலிருந்து இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஹாஜா அதை எடுத்து அவர் பையிலேயே செருகினார். மறுபடி மேசைக்கு வந்தது.

“சரி, ஃப்ளாப்பி வெலைய மட்டும் குடுங்க” என்றார் ஹாஜா.

“ஃப்ளாப்பி கடைல கெடைக்காதா பாய்? நான் சாஃப்ட்வேருக்குத் தர்றேன். ஓசின்னு தெரிஞ்சா எம்பொண்ணு தொடாது. எனக்கும் ரோஷம் கீது இல்ல?”

ஹாஜா தயங்கி மனைவியைப் பார்த்தார்.

“வாங்கிக்கங்க. ரோஷக்காரரு, மனசு நோவும்” என்றாள் ஜரினா.

ஹாஜா இரண்டு கைகளாலும் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டார்.

கலியமூர்த்தி ஜன்னல் பக்கம் போய்க் கைக்குட்டையை உதறி நெற்றியைத் துடைத்தார். மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஒரு இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும் அறைக்குள் நுழைந்தார்கள்.

“சார், இவர்தான். பணம் அவர் கையிலேயே இருக்கு. நோட்டு நம்பரைச் சரிபார்த்துக்குங்க” என்றார் கலியமூர்த்தி. பிறகு ஹாஜாவின் பக்கம் திரும்பினார். “நான் சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பின ஆள்.” அந்தக் குரலில் ஆவடியும் இல்லை, அழுகையும் இல்லை.

கான்ஸ்டபிள் ஒருவர் வயர்களைப் பிடுங்கினார். யாருக்கோ போட்டுக்கொண்டிருந்த டிசைன் திரையில் ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தது. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அவர் கீழே இறங்கினார்.

“அப்ப, அந்தப் பொண்ணு?” என்று கேட்டார் ஹாஜா. இன்ஸ்பெக்டர் அவர் தோளில் கை வைத்து வாசலைக் காட்டினார்.

ஜரினா ஓடிவந்து கலியமூர்த்தியின் முன்னால் நின்றாள்.

“அவரு சும்மாதானேய்யா குடுத்தாரு. வேணாம் வேணாம்னு சொன்னவரு கையில நீதானே துட்டத் திணிச்சே?”

கலியமூர்த்தி நான்கு ஃப்ளாப்பிகளையும் ஒரு கவரில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்.

“சும்மா வாங்கினா கேஸ் நிக்காதும்மா.”