கருப்பாக்கும் மெஷின்

"ஏந்தம்பி, வெள்ளையாக்குறதுக்கு வயசு பாத்தாலும் சரிங்கலாம். கருப்பாக்குறதுக்குமா வயசு பாப்பாக?"

அய்யம்மாள் போட்ட சத்தத்தில், எடை தூக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் தூக்கியது தூக்கியபடி நின்றுவிட்டார்கள். ஜிம் வைத்திருக்கும் கஸ்பார் மட்டும் அசையவில்லை. அவர் தலைக்கு மேலே சுவரில், '18 வயது நிரம்பாதவர்களுக்கு இந்த மெஷினில் அனுமதி இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

மெஷின் என்பது மூலையில் இருந்த ஆளுயரப் பெட்டி. உள்ளே நின்று கதவைச் சாத்தினால் சுற்றிலும் விளக்கு எரியும். நாலு தடவை நின்றால் உடம்பு கருத்துவிடும். திண்டுக்கல் வெயிலில் இதற்குக் காசு கொடுத்து எவன் வருவான் என்று ஊரே சிரித்தது. ஆணழகன் போட்டிக்குப் போகிறவர்கள் வந்தார்கள். மேடை வெளிச்சத்தில் வெளுத்த உடம்பில் தசைக்கட்டு தெரியாதாம்.

அய்யம்மாளின் மகன் முகேஷ்குமாருக்கு அடுத்த ஞாயிறு போட்டி.

"வெயில்ல நிக்கச் சொல்லுங்கக்கா, ஓசியிலயே கருத்துருவான்," என்றார் கஸ்பார்.

"நின்னானே! ஆத்தூர் தோட்டத்துல நாலு நாள் நின்னான். தோலு உரிஞ்சதுதான் மிச்சம். சின்னதுலருந்து கடலமாவு தேச்சுத் தேச்சு வளத்துப்புட்டேன். இப்ப அதுவே வினையாப் போச்சு."

"ஆதார்ல பதினேழுதான் இருக்கு. சின்ன வயசுத் தோலுக்கு இந்த லைட்டு ஆகாதுக்கா. இப்பத் தெரியாது, பின்னாடி கேன்சர் வரைக்கும் கொண்டுபோய் விட்டுரும். பெத்தவுக கையெழுத்துப் போட்டாலும் விடமாட்டேன்."

"செம்பட்டி முக்குல பிளக்ஸ் வச்சாச்சு தம்பி! 'இரண்டாம் முறையும் கோப்பை எங்கள் சிங்கத்துக்கே'ன்னு இவன் மாமன் இம்புட்டுப் பெருசா அடிச்சுட்டான். தோத்துட்டா அந்த வழியா நான் எப்படி பஸ்ல போவேன்?"

கஸ்பாருக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் தலையை ஆட்டினார்.

"சரி, உண்மையைச் சொல்லிடுறேன். இவனுக்குப் பத்தொம்பது முடிஞ்சிருச்சு!"

"யம்மா!" முகேஷ்குமார் சேலையைப் பிடித்து இழுத்தான். "வா, போயிருவோம். எனக்குக் கருப்பே வேணாம்."

"ஏலே, சும்மா இரு. சுண்ணாம்படிச்ச செவுராட்டம் மேடையில நிக்கப் போறியா?" கையைத் தட்டிவிட்டாள். "பள்ளிக்கூடத்துல சேக்கயில ரெண்டு வயசு கொறச்சுக் குடுத்தோம் தம்பி. அரசாங்க வேலைக்குப் பரிச்சை எழுத ரெண்டு வருசம் கூடக் கெடைக்கும்ல? ஊர்ல யாரு செய்யல?"

"வாயில சொன்னா ஆச்சாக்கா?"

"ஜாதகம் இருக்கு! அதுல எவனாச்சும் பொய் எழுதுவானா?"

வீட்டிலிருந்த கணவன் பெருமாள்சாமிக்குப் போனைப் போட்டாள். ஐந்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் ஜாதகம் வந்து விழுந்தது. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகும் கஸ்பாருக்குக் கட்டங்கள் விளங்கவில்லை. மேலே இருந்த பிறந்த தேதி நன்றாக விளங்கியது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பத்தொன்பதேதான்.

"இதை எனக்கு அனுப்பிருங்க. நீங்க சொன்னதையும் ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்கக்கா."

முகேஷ்குமார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அய்யம்மாள் மளமளவென்று எழுதிக் கொடுத்தாள்.

"இது வெளிய எங்கயும் போகாதுல்ல தம்பி?"

"நான் போற எடத்துக்குத்தான் போகும்க்கா." கஸ்பார் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்துவிட்டார். பையன் மாமியார் வீட்டுக்குப் போகிற புதுப்பெண் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்தபடி உள்ளே போனான்.

சிறிது நேரம் கழித்து லேசாக நிறம் மாறி வெளியே வந்த மகனுக்கு அய்யம்மாள் நெட்டி முறித்தாள். "என் ராசா! கப்பு நமக்குத்தான்!"

"ஞாயித்துக்கிழமை போட்டிக்கு வாரப்ப, போன வருசக் கப்பையும் கையோட கொண்டாந்துருங்கக்கா," என்றார் கஸ்பார்.

"அது எதுக்கு?"

"பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கான போட்டிக்கா அது. இந்த வருசம் வாசல்ல உக்காந்து வயசு பாக்குறதுக்கு என்னையத்தான் போட்டுருக்காக."