பத்து நாள் லீவு

"நான் வந்து அஞ்சு நாளாச்சு. வாங்கன்னு சொன்னதோட சரி. அத்தான் என்கிட்ட முழுசா நாலு வார்த்தை பேசியிருப்பாரா?"

தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம். ஏழு வருஷம் கழித்து, கடல் தாண்டி, அக்காவைப் பார்க்க வந்திருக்கிறான்.

"ஓவர்டைம்டா. விட மாட்டேங்கறாங்க" என்றாள் அக்கா, வீங்கிய காலை வெந்நீரில் வைத்தபடி.

நாலு நாள் ஊர் சுற்றியதில் வந்த வீக்கம் அது. பாலம், பூங்கா, படகுத்துறை என்று தம்பியை இழுத்துக்கொண்டு அலைந்தாள். ஒருநாள் தப்பான டிராமில் ஏறி, ஊர்க்கோடியில் இறங்கி, இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அத்தானோ விடியும் முன் போவார், இருட்டிய பிறகு வருவார். தட்டில் கை வைக்கும்போதே கண் சொருகும்.

"ரெண்டு பேருக்கும் ஒரே க்ளீனிங் கம்பெனிதானே, உனக்குப் பத்து நாள் லீவு கொடுத்தாங்கல்ல? மனசிருந்தா அவரும் ஒரு நாள் போடலாம். நான் வந்தது பிடிக்கலைன்னா சொல்லிடச் சொல்லு. நாளைக்கே டிக்கெட்டை மாத்திக்கிட்டுக் கிளம்பறேன்."

அக்காவின் முகம் வாடிவிட்டது.

"கிளம்பற பேச்சையே எடுக்காதே. இன்னைக்கு நீ தனியாப் போய்ச் சுத்திட்டு வா. எனக்குக் கால் முடியலை."

தம்பி நேராக நூலகத்துக்குப் போனான். அக்கா துப்புரவு வேலை பார்க்கிற இடம். கூட்டிப் போகச் சொன்னபோதெல்லாம், "லீவுலயுமா அங்கே?" என்று தட்டிக்கழித்திருந்தாள்.

உள்ளே மாடிப்படியில் ஒருவர் குனிந்து தரை துடைத்துக்கொண்டிருந்தார். தெரிந்த முதுகாக இருந்தது.

"அத்தான்! உங்களுக்கு ஆபீஸ் கட்டடத்துலதானே வேலை?"

அத்தான் திருதிருவென விழித்தார்.

"அது மத்தியானமே முடிஞ்சிடும் மாப்பிள்ளை."

"அப்போ இது?"

அவர் துடைப்பானைச் சுவரில் சாய்த்தார்.

"உங்க அக்கா லீவு லெட்டரை என்கிட்டத்தான் கொடுத்து விட்டா. மேனேஜர் முடியவே முடியாதுன்னுட்டார். ஆள் குறைச்சலாம்."

"லீவு கிடைச்சிடுச்சுன்னு அக்கா சொன்னாளே!"

"நான்தான் அப்படிச் சொன்னேன். தம்பி வர்றான், தம்பி வர்றான்னு ஒரு மாசமா வீட்டைத் தலைகீழாக்கிட்டு இருந்தவகிட்ட வேற என்னத்தைச் சொல்றது? அவ ஷிஃப்டையும் நானே பார்த்துக்கறேன்னு மேனேஜர்கிட்ட ஒத்துக்கிட்டேன்."



"அக்காவுக்குத் தெரிஞ்சா..."

"அந்தக் காலோடவே நாளைக்கு வேலைக்கு வந்து நின்னுடுவா. நீங்க வாயைத் திறக்காதீங்க."

அத்தான் துடைப்பானை எடுத்து, மறுபடி குனிந்து அடுத்த படியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ராத்திரி நீங்க ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம் தூக்கத்துலயும் எனக்குக் கேட்குது மாப்பிள்ளை. அவ அப்படிச் சிரிச்சு வருஷக்கணக்காச்சு. இன்னும் அஞ்சு நாள் இருப்பீங்கல்ல?"