இந்த வருஷமும் மாமாவுக்கே

"காசு எனக்குத்தான்!" என்று துள்ளி எழுந்தார் ஸ்டமாட்டிஸ் மாமா.

புத்தாண்டு கேக்கை வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே ஒளித்த காசு யார் துண்டில் இருக்கிறதோ, வருஷம் முழுக்க அவருக்கு அதிர்ஷ்டம். போன வருஷமும் மாமாவுக்குத்தான்.

காசைத் தேடி இரண்டு கன்னமும் அடைத்துக்கொண்டிருந்த மூன்று வயது லெஃப்டெரிஸ், எல்லாவற்றையும் துப்பிவிட்டு ஓவென்று அழுதான்.

"குழந்தைக்கு விட்டுக்கொடுத்தா என்ன மாமா?" என்றாள் அவன் அம்மா எவ்கேனியா. "வோலோஸ் ஊருக்கே பெரிய தொண்டை டாக்டர் நீங்க. இத்தனூண்டு காசுக்கு இவ்வளவு பறப்பா?"

"அதிர்ஷ்டத்துல தானதர்மம் கிடையாதும்மா" என்றபடியே எல்லோர் தட்டையும் அடுக்க ஆரம்பித்தார் மாமா.

எவ்கேனியாவின் தங்கை டனாய் சட்டம் படிப்பவள். சும்மா விடுவாளா?

"கேக்குல வெந்த காசு. ஒரு துணுக்குகூட ஒட்டலையே?"

"நக்கிட்டேன்."

"பொய். பையிலேருந்து எடுத்தீங்க. போன வருஷமும் நானே கழுவறேன்னு தட்டையெல்லாம் தூக்கிட்டு ஓடினீங்களே, இதுக்குத்தானா? நிஜக் காசு இதுலதான் இருக்கு."

தட்டுகளைப் பிடுங்கினாள். ஒவ்வொரு துண்டாகக் குடைந்தாள். கடைசியில் லெஃப்டெரிஸ் கடித்துப் போட்ட துண்டைத் தூக்கிப் பிடித்தாள்.

"இதோ சாட்சி. பச்சைக் குழந்தையோட அதிர்ஷ்டத்தைத் திருடியிருக்கீங்க."

"அதை அப்படியே உங்க அக்காகிட்ட காட்டு" என்றார் மாமா.

எவ்கேனியா பார்த்தாள். கடித்த ஓரத்தில் காசு எட்டிப் பார்த்தது. அதை உரசினாற்போல் குட்டிப் பற்களின் தடம்.

அவள் முகம் வெளுத்தது.

மாமா லெஃப்டெரிஸின் சுண்டுவிரலைப் பிடித்துக் காட்டினார். "இவன் மூச்சுக்குழல் இந்தக் கனம்தான். அடுத்த கடியில காசு தொண்டை வாசல்லயே குறுக்க நின்னிருக்கும்."

டனாய் அப்போதும் விடவில்லை. "அதை வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சொன்னேனே. நல்ல நாளும் அதுவுமா பயமுறுத்தாதீங்கன்னு உட்கார வச்சீங்க. ஆபத்துன்னு கத்தினப்போ ஒருத்தர்கூட மெல்றதை நிறுத்தலை. ஏமாத்தினா மட்டும்தான் அத்தனை பேரும் கேக்கைக் கீழ வச்சுட்டு என்னைத் திட்ட வர்றீங்க."