பழ வாசனை

சோற்றை விலக்கி நெய்யும் முட்டையும் உண்ணச் சொன்ன டாக்டர் ஹெப்சிபா, ஒவ்வொரு முறையும் கோசலையின் முகத்தருகே குனிந்து, "ஊதுங்கம்மா" என்பார். சோறு கிடைக்காமல் உடல் கொழுப்பை எரித்தால் மூச்சில் பழ வாசனை வருமாம்; சோறு தின்றால் போய்விடுமாம். கணவர் இறந்தபின் அவள் முகத்துக்கு அவ்வளவு அருகில் வேறு எவரும் வந்ததில்லை. அதற்காகவே ஒரு பருக்கையும் தொடாமல் இருந்தாள்.

இன்று டாக்டர் குனியவில்லை. "சர்க்கரை நல்லா இறங்கிடுச்சு. இனிமே கொஞ்சம் சோறு சாப்பிடலாம். சந்தோஷந்தானே?"

"ஒரு தடவ ஊதிக் காட்டட்டுமா டாக்டர்?"

"அட, திருட்டுச் சோறு தின்னீங்களான்னு பாக்கத்தானேம்மா ஊதச் சொன்னேன்!"

வீட்டில் கோசலை சோறு வடித்துத் தட்டில் இட்டாள். உண்ணுமுன், உள்ளங்கையைக் குவித்து முகத்தருகே கொண்டுவந்து ஊதினாள். வாசனை இன்னும் இருந்தது. தட்டை மூடிவைத்தாள்.